உதவித்தொகை எங்கே நின்றது?

“இந்த மாசம் பணம் ஏறிடுச்சா?” மாற்றுத்திறனாளி உதவித்தொகையை நம்பியிருக்கும் வீடுகளில் மாதாமாதம் எழும் கேள்வி இது. ஏறியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஏறாவிட்டால், “எங்கே நிக்குது?” என்ற இரண்டாவது கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஏதோ ஒரு கணினியில் குறியீட்டோடும் தேதியோடும் பதிவாகியிருக்கிறது. கேட்டவரிடம் மட்டும் அது போய்ச் சேர்வதில்லை. பணம் எந்த வழியாக வருகிறது, எந்தெந்த இடத்தில் நிற்கக்கூடும் என்று தெரிந்துகொண்டால், யாரிடம் போய் எதைக் கேட்பது என்பதாவது தெளிவாகும்.

தொகையைப் பற்றி முதலில் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு வருவாய்த் துறை வழியாகக் கிடைக்கும் மாத உதவித்தொகை, 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாய். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய்ப் பாதிப்பு, பார்க்கின்சன் நோய், தண்டுவடப் பாதிப்பு போன்றவற்றுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத் துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். ஒன்றிய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம் 2009-இல் தொடங்கியது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவராகவும், 80 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ளவராகவும் இருந்தால், 18 முதல் 79 வயது வரை அது தருவது மாதம் 300 ரூபாய்தான். மிச்சத்தை மாநிலம் போட்டுத் தருகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 24-ஆவது பிரிவு ஒரு கணக்கையும் வைத்திருக்கிறது: பிறருக்கான இதே மாதிரித் திட்டத்தைவிட மாற்றுத்திறனாளிக்கு 25 சதவீதமாவது கூடுதலாகத் தர வேண்டும். இங்கே முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாயாக உயர்ந்தபோது, 1,500 சரியாக அந்தக் கோட்டில் வந்து நின்றது. ஒரு மாதத்து மருந்து, பஞ்சு, டயப்பர், சிறுநீர்க் குழாய் என்று கூட்டிப் பார்ப்பவர்களுக்கு இந்தத் தொகையின் அருமையும் தெரியும், போதாமையும் தெரியும். அதனால்தான் ஒரு மாதம் தவறினால்கூட அது பெரிய விஷயம்.

முன்பு இது மணியார்டரில் வந்தது. 1880-இல் இந்திய அஞ்சல் துறை தொடங்கிய சேவை அது. நூற்றுக்கு ஐந்து ரூபாய் கமிஷன். உதவித்தொகைக்கு அந்தச் செலவை அரசே ஏற்றது. தபால்காரர் வாசலுக்கு வந்து, கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வாங்கிக்கொண்டு, நோட்டை எண்ணிக் கையில் வைப்பார். அதில் ஐந்தோ பத்தோ அவர் கையிலேயே தங்கிவிடும் என்ற குறை ஊரறிந்தது. இறந்துபோனவர் பெயரில் வேறு யாரோ வாங்கிக்கொண்டதும் உண்டு. ஆனால் நடக்க முடியாதவர் நடக்க வேண்டியிருக்கவில்லை. பணம் வராத மாதம் போய்க் கேட்பதற்கு ஒரு ஆள் இருந்தார்.

2013 ஜனவரி 1-ஆம் தேதி ஒன்றிய அரசு நேரடிப் பணப் பரிமாற்றத் திட்டத்தைத் தொடங்கியது. இடையில் எவர் கையும் படாமல், கருவூலத்திலிருந்து பயனாளியின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். அதனால் நிஜமாகவே விளைந்த நன்மைக்கு ஆதாரம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மின்னணு முறையில் நோட்டு எதுவும் பயணம் செய்வதில்லை. பயணம் செய்வது ஒரு கோப்பு. அரசின் வங்கி ஒரு பட்டியலை அனுப்புகிறது: வரிக்கு ஒருவர், அவருடைய அடையாளம், தொகை. பட்டியல் போய்ச் சேரும் இடம், சுருக்கமாக என்பிசிஐ என்று வழங்கும் இந்திய தேசியப் பணப் பட்டுவாடாக் கழகம். ஏடிஎம் இணைப்பு, யுபிஐ எல்லாம் இயங்குவதும் இதன் வழியாகத்தான். அங்கே வரிகள் வங்கிவாரியாகப் பிரிக்கப்பட்டு, அந்தந்த வங்கிக்குப் போகின்றன. எந்த வங்கி எந்த வங்கிக்கு மொத்தமாக எவ்வளவு தர வேண்டும் என்ற நிகரக் கணக்கு, ரிசர்வ் வங்கியில் உள்ள அவற்றின் கணக்குகளில் தீர்க்கப்படுகிறது. 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிற்றுக்கிழமையிலும் விடுமுறை நாளிலும்கூட இது நடக்கிறது. “லீவு நாள், அதான் வரலை” என்று யாராவது சொன்னால், அந்தக் காரணம் இப்போது செல்லாது.

பட்டியலில் ஒருவரை அடையாளம் காட்ட இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி, கணக்கு எண்ணும் கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீடும். 11 எழுத்துகள் கொண்ட அந்தக் குறியீட்டில் முதல் நான்கு வங்கியைக் காட்டும், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், கடைசி ஆறு கிளையைக் காட்டும். எளிமையான, உறுதியான ஏற்பாடு. ஆனால் வங்கியே மாறிவிட்டால்? 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்தன. அடுத்தடுத்து பழைய குறியீடுகள் காலாவதியாயின. வீட்டைவிட்டு வெளியே வர முடியாத ஒருவருக்கு, தன் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் உள்ள எழுத்துகள் செல்லாமல் போனது எப்படித் தெரியும்?

இன்னொரு தடை, பெயர். கணக்கில் உள்ள பெயரும் பட்டியலில் உள்ள பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று பணம் போடும் முன் ஒரு சரிபார்ப்பு நடப்பதுண்டு. குடும்பப் பெயர் உள்ள ஊர்களை மனதில் வைத்து அமைந்த படிவம், நம் ஊர் இனிஷியலுக்கு முன்னால் தடுமாறுகிறது. கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். சில அட்டைகளில் இனிஷியல் முன்னால், சிலவற்றில் பின்னால், சிலவற்றில் விரித்து எழுதிய அப்பா பெயர். லட்சுமி என்ற பெயரை ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். மனிதக் கண்ணுக்கு எல்லாம் ஒருவரே. ஓரளவு பொருத்தம் இருந்தாலே ஏற்கும்படி கணினிக்குச் சொல்லித்தர முடியும். எவ்வளவு பொருந்தினால் போதும் என்பதை முடிவு செய்வது மனிதர்கள்தான்.

இரண்டாவது வழி, ஆதார் எண். இதில் கணக்கு எண்ணே தேவையில்லை. என்பிசிஐ ஒரு பெரிய அட்டவணை வைத்திருக்கிறது. ஒரு பக்கம் ஆதார் எண். எதிரே அந்த நபருடைய வங்கியின் ஆறு இலக்க எண். அவ்வளவுதான். அந்த வங்கியில் அவருக்கு எந்தக் கணக்கு என்பது வங்கிக்கு மட்டுமே தெரியும். கடித உறையில் ஊர்ப் பெயரை மட்டும் எழுதிவிட்டு, வீட்டை உள்ளூர்த் தபால்காரர் பார்த்துக்கொள்வார் என்று விடுவது போன்ற ஏற்பாடு. இதில் ஒரு நன்மை உண்டு: கிளை மாறினாலும், கணக்கு எண் மாறினாலும், அரசின் பட்டியலைத் திருத்த வேண்டியதில்லை. கவனமாக இருக்க வேண்டிய இடமும் உண்டு: ஓர் ஆதார் எண்ணுக்கு ஒரே ஒரு வங்கிதான் எதிரே இருக்க முடியும். கடைசியாக எந்த வங்கி தன் பெயரை அங்கே பதிந்ததோ, பணம் அங்கேதான் போகும்.

இதன் விளைவு 2017-இல் நாடு முழுவதும் தெரியவந்தது. செல்போன் சிம்முக்கு ஆதார் சரிபார்க்க வந்தவர்களில் பலருக்கு, அவர்கள் அறியாமலே ஒரு பேமென்ட்ஸ் வங்கியில் கணக்குத் தொடங்கப்பட்டது. அட்டவணையில் அவர்களுடைய பழைய வங்கி நீங்கி, புதியது ஏறியது. சமையல் எரிவாயு மானியம் அவர்களுக்குத் தெரியாத ஒரு கணக்கில் போய்ச் சேர்ந்தது. பணம் காணாமல் போகவில்லை. உரியவர் பெயரில்தான் இருந்தது. அவருக்குத்தான் அது தெரியவில்லை. பின்னர், பழைய வங்கியின் பெயரைக் குறிப்பிட்டு வாடிக்கையாளர் சம்மதம் தந்தால்தான் மாற்றலாம் என்று விதி கடுமையானது. இன்றும் புதிதாக ஒரு கணக்குத் தொடங்கும்போது, எதிரே நீட்டப்படும் படிவத்தில் அந்தச் சம்மதக் கட்டம் இருக்கும். படித்துப் பார்க்காமல், அல்லது பார்வையில்லாதவருக்குப் படித்துக் காட்டாமல், அதில் குறியிட்டால் உதவித்தொகை இடம் மாறிவிடும்.

“ஆதார் லிங்க் பண்ணியாச்சே” என்று வங்கியில் சொல்வார்கள். இதில் இரண்டு காரியங்கள் கலந்துவிடுகின்றன. வாடிக்கையாளர் யார் என்று உறுதிசெய்ய, கணக்கோடு ஆதார் எண்ணைக் குறித்துவைப்பது ஒன்று. அரசுப் பணம் வருவதற்காக என்பிசிஐ அட்டவணையில் ஏற்றுவது வேறொன்று. முதலாவது நடந்து இரண்டாவது நடக்காமல் போகலாம். அப்போது பணம் வராது. இரண்டாவது நடந்திருக்கிறதா, எந்த வங்கி பதிவாகியிருக்கிறது என்பதை ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில், செல்போனுக்கு வரும் ஓடிபியை வைத்து யாரும் பார்க்கலாம். பணம் வரவில்லை என்று வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஆட்டோ பிடிப்பதற்கு முன், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி இதைப் பார்க்கச் சொல்வது நல்லது.

எண்கள் தவறாகப் பதிவானால் என்ன ஆகும் என்று கேட்கலாம். இந்த இடத்தில் கணிதம் அழகான ஒரு காவலைப் போட்டுவைத்திருக்கிறது. ஆதாரின் 12 இலக்கங்களில் கடைசியானது யாரையும் அடையாளம் காட்டுவதில்லை. முந்தைய 11 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு எழுதப்பட்ட சோதனை இலக்கம் அது. இலக்கங்களைச் சும்மா கூட்டிப் பார்த்து ஒரு சோதனை வைத்தால், ஓர் இலக்கம் மாறியதைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் 54 என்பதை 45 என்று அடித்துவிட்டால் கூட்டுத்தொகை அதேதான், தவறு தப்பித்துவிடும். கூட்டலில் வரிசை முக்கியமில்லை என்பதுதான் காரணம். அப்படியானால் வரிசை முக்கியமாக இருக்கும் ஒரு கணக்கு முறை வேண்டும்.

நெதர்லாந்துக் கணிதவியலாளர் யாக்கோபஸ் வெர்ஹூஃப் 1969-இல் அதைத் தந்தார். அட்டையில் ஓர் ஒழுங்கு ஐங்கோணத்தை வெட்டி எடுத்து, அதே வடிவில் உள்ள பள்ளத்தில் பொருத்துங்கள். அதை எத்தனை விதமாகத் திரும்பப் பொருத்தலாம்? அப்படியே வைப்பதையும் சேர்த்துச் சுழற்றி வைக்க ஐந்து வழி, புரட்டிப்போட்டு வைக்க ஐந்து வழி, மொத்தம் பத்து. நம் இலக்கங்களும் 0 முதல் 9 வரை பத்துதான். ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஐங்கோணத்தின் ஓர் அசைவை ஒதுக்கிவிட்டால், எண்ணைப் படிப்பது அசைவுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதாக மாறுகிறது. முதலில் சுழற்றிப் பிறகு புரட்டுவதும், முதலில் புரட்டிப் பிறகு சுழற்றுவதும் ஒரே நிலையில் முடிவதில்லை. அதாவது இங்கே வரிசைக்கு மதிப்புண்டு. இதோடு, இலக்கம் நிற்கும் இடத்துக்கு ஏற்ப ஒரு மாற்றத்தையும் வெர்ஹூஃப் சேர்த்தார். ஓர் இலக்கம் தவறானாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும், ஒன்றுகூடத் தப்பாமல் பிடிபடும். மனிதர்கள் எண்ணை எழுதும்போது அதிகம் செய்யும் பிழைகள் இந்த இரண்டும்தான். இ-சேவை மையத்தில் அவசரத்தில் தட்டிய எண், வேறொருவருடைய எண்ணாக மாறுவதற்கு முன்பே திரை மறுத்துவிடுவது இதனால்தான்.

மனிதன் எங்கே தவறு செய்வான் என்று முன்கூட்டியே யோசித்து, அந்தத் தவறு அவனைப் பாதிக்காமல் தடுக்கும் ஏற்பாடு இது. எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு. அதே யோசனை, வழியின் மறுமுனையில் ஓர் உடல் இயந்திரத்தைத் தொடும் இடத்திலும் இருந்திருக்க வேண்டும்.

கணக்கில் ஏறிய பணத்தைக் கையில் வாங்க, கிராமத்தில் பெரும்பாலோர் போவது வங்கி முகவரிடம். 2006-இல் ரிசர்வ் வங்கி அனுமதித்த ஏற்பாடு அது. பெட்டிக்கடையிலோ ஊராட்சி அலுவலகத் திண்ணையிலோ உட்கார்ந்திருப்பார். கையில் ஒரு சிறு கருவி, அதில் ரேகை படிக்கும் கண்ணாடி. விரலை வைத்தால், கருவியிலேயே பூட்டி மறையாக்கிய ரேகைத் தகவல் ஆதார் ஆணையத்தின் கணினிக்குப் போகிறது. அங்கிருந்து வருவது ‘ஆம்’ அல்லது ‘இல்லை’. ஆம் என்றால் வங்கி கணக்கில் கழிக்கிறது. முகவர் நோட்டைத் தருகிறார். இல்லை என்றால், “ரேகை விழலைம்மா, துடைச்சிட்டு வைங்க.”

ரேகை ஏன் விழுவதில்லை? கருவில் பத்தாவது வாரத்தையொட்டி உருவாகத் தொடங்கும் விரல் மேடுகள், அரை மில்லிமீட்டர் இடைவெளியில் வரிவரியாக ஓடுகின்றன. ஒரு வரி எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற புள்ளிகளின் இருப்பிடமும் திசையும்தான் ஒருவரின் அடையாளம். பரவலாக உள்ள ஒளிக் கருவியில், கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒளி சாய்வாகப் பாய்கிறது. பள்ளம் உள்ள இடத்தில் கண்ணாடிக்கு மேலே காற்றுதான் இருக்கும். ஒளி முழுவதும் எதிரொளித்துத் திரும்பும். மேடு கண்ணாடியைத் தொடும் இடத்தில் ஒளி தோலுக்குள் போய்ச் சிதறிவிடும். அந்த இடம் கறுப்பாகத் தெரியும். ஆக, படம் எடுப்பது தோலைக்கூட அல்ல. தோல் கண்ணாடியைத் தொடுவதை. தோல் வறண்டிருந்தால் மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுண்ணிய காற்றிடைவெளிகள் வந்து, வரி துண்டு துண்டாகத் தெரியும். இல்லாத முடிவுப் புள்ளிகள் நூறு முளைக்கும். ஈரம் அதிகமானால் பள்ளமும் நிரம்பி எல்லாம் ஒரே கறையாகிவிடும்.

இப்போது உதவித்தொகை வாங்குபவர்களின் கைகளை நினைத்துப் பாருங்கள். தொழுநோய்க் கிருமி நரம்பைத் தாக்குகிறது. வியர்வைச் சுரப்பியை இயக்கும் நரம்பு போனால் தோல் வறண்டு வெடிக்கிறது. உணர்ச்சி நரம்பு போனால் சூடும் வெட்டும் தெரியாமல் காயம்மேல் காயம் வருகிறது. நாளடைவில் எலும்பு கரைந்து விரல் நுனியே குறுகுகிறது. நோய் குணமான பிறகும் கை அப்படியேதான் இருக்கும். பார்க்கின்சன் நோயில் கை நடுக்கம்; படம் பதியும் அந்த ஒரு நொடி விரலை அசையாமல் வைக்க முடியாது. மூளை முடக்குவாதத்தில் விரல்கள் இறுகி மடங்கியிருக்கும். தட்டையாக வைக்கவே வராது. கைகளை ஊன்றித் தரையில் நகர்பவருக்கும், சக்கர நாற்காலியின் வளையத்தை நாள் முழுவதும் தள்ளுபவருக்கும் ரேகை தேய்கிறது. எந்த உடல்நிலைக்காகச் சமூகம் இந்தத் தொகையைத் தருகிறதோ, அந்த உடல்நிலையே தொகையைக் கையில் வாங்கத் தடையாகிறது. இதை ஒரு தொழில்நுட்பக் கோளாறு என்று மட்டும் கடந்துபோக என்னால் முடியவில்லை.

இதற்குள் இன்னொரு நுட்பம் இருக்கிறது. பதிவில் உள்ள ரேகையும் இப்போது வைத்த ரேகையும் எப்போதுமே நூற்றுக்கு நூறு பொருந்தாது, யாருக்கும் பொருந்தாது. எவ்வளவு பொருந்தினால் ‘ஆம்’ என்பது என்று ஒரு வரம்பு வைக்க வேண்டும். வரம்பை உயர்த்தினால் அந்நியர் நுழைவது குறையும், உரியவர் திருப்பி அனுப்பப்படுவது கூடும். தாழ்த்தினால் நேர்மாறு. இரண்டு பிழையையும் ஒரே நேரத்தில் ஒழிக்க எந்தக் கருவியாலும் முடியாது. எல்லோருக்கும் ஒரே வரம்பு என்று வைத்தால், அதன் சுமை எல்லோர்மேலும் சமமாக விழுவதில்லை; தேய்ந்த விரலின்மேல் விழுகிறது. 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, ஆதார் சரிபார்ப்பு தோல்வியடைந்த விகிதம் ஜார்க்கண்டில் 49 சதவீதம் வரையிலும், ராஜஸ்தானில் 37 சதவீதம் வரையிலும் மதிப்பிடப்பட்டதாகக் குறிப்பிட்டது. அதன்பின் கருவிகள் மேம்பட்டுள்ளன. பத்து விரல்களில் எது நன்றாகப் பொருந்துகிறது என்று கண்டறியும் வசதியும் ஆதாரில் உண்டு. கட்டைவிரலையே வைத்து வைத்துச் சலித்தவர்கள் மோதிர விரலை வைத்துப் பார்க்கலாம். முகவர்களும் இதைச் சொல்லலாம்.

விரலே இல்லாதவர்களுக்கு? சட்டத்தில் வழி இருக்கிறது. விரல் ரேகை தர முடியாதவர் கருவிழிப் பதிவு மட்டும் தந்து ஆதார் பெறலாம். கருவிழி இயலாதவர் ரேகை மட்டும் தரலாம். இரண்டும் இயலாதவர் புகைப்படத்தோடு விதிவிலக்காகப் பதியலாம். 2023 டிசம்பரில் கேரளத்தில் விரல்கள் இல்லாத ஒரு பெண்ணுக்கு ஆதார் மறுக்கப்பட்டது செய்தியாகி, ஒன்றிய அமைச்சர் தலையிட்ட பிறகு கருவிழி வழியாகக் கிடைத்தது. விரலோ கருவிழியோ தர முடியாத சுமார் 29 லட்சம் பேருக்கு அதற்குள் ஆதார் வழங்கப்பட்டிருந்ததாக அப்போது அரசு சொன்னது. வழி ஏற்கெனவே இருந்தது என்பதற்கு இந்த எண்ணே சான்று. மேசைக்குப் பின்னால் இருந்தவருக்கு அது தெரியவில்லை, அல்லது அவர் அதைச் செய்யவில்லை.

முகத்தை வைத்துச் சரிபார்க்கும் முறை இப்போது பரவிவருகிறது. நல்லதுதான். ஆனால் உயிருள்ள முகமா, படமா என்று அறிவதற்காகக் கண்ணைச் சிமிட்டச் சொல்லும் மென்பொருள்கள் உண்டு. அமிலத் தாக்குதலில் இமைகளை இழந்தவர்கள் எப்படிச் சிமிட்டுவார்கள்? அவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜே.பி. பார்டிவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. கண் சிமிட்டலுக்கு மாற்று வேண்டும், கைநாட்டின் படத்தையும் ஏற்க வேண்டும் என்பன உட்பட 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. இந்தத் தீர்ப்பின் சுருக்கம் ஒவ்வொரு வங்கிக் கிளையிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

மின்னணு முறையே தவறு என்று இதற்கெல்லாம் பொருள்கொள்ள வேண்டியதில்லை. கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தாங்கர் ஆகிய பொருளியலாளர்கள், ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் 157 மண்டலங்களில் ஸ்மார்ட் கார்டு வழியாக வேலை உறுதிக் கூலியும் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியமும் கொடுத்ததை ஆராய்ந்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கூலி விரைவாகக் கைக்கு வந்தது, கசிவு குறைந்தது. பயனாளிகளில் மிகப் பெரும்பாலோர் பழைய முறையைவிடப் புதியதையே விரும்பினார்கள். அங்கே பணம் ஊருக்குள்ளேயே தரப்பட்டது. ரேகை பொருந்தாதவருக்கு வேறு வகையில் கொடுக்கவும் இடம் விடப்பட்டிருந்தது. அதே ஆய்வாளர்கள் பின்னர் ஜார்க்கண்டில் ரேஷன் கடைகளில் விதிவிலக்கில்லாத கண்டிப்போடு ஆதார் புகுத்தப்பட்டதைப் பார்த்தபோது, அட்டையோடு ஆதார் இணைக்காத உண்மையான பயனாளிகள் இழப்புக்கு ஆளானது தெரிந்தது. இரண்டு மாநிலத்திலும் ரேகைதான் அடையாளம். விளைவைப் பிரித்தது, பொருந்தாதவருக்கு என்ன வழி வைத்திருந்தார்கள் என்பது.

நமக்கும் அப்படிப்பட்ட வழிகள் இருக்கின்றன. 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி, 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பணம் தருவது உள்ளிட்ட அடிப்படைச் சேவைகளை வீட்டுக்கே கொண்டுபோய்ச் செய்ய வேண்டும் என்று வங்கிகளுக்குச் சொன்னது. 2018 செப்டம்பர் 1-இல் தொடங்கிய இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி வழியாக, தபால்காரர் இப்போது கருவியோடு வாசலுக்கு வருகிறார். எந்த வங்கியில் கணக்கு இருந்தாலும், அதில் ஆதார் இணைந்திருந்தால் பணம் எடுத்துத் தருவார். ஏடிஎம் அட்டை இருந்தால் ரேகையே வேண்டாம். ஆனால் படியில்லாத ஏடிஎம் வேண்டும், பேசும் ஏடிஎம் வேண்டும். இந்தியாவின் முதல் பேசும் ஏடிஎம் 2012 ஜூனில் அகமதாபாத்தில் திறக்கப்பட்டது. 2014 ஜூலை முதல் புதிதாக வைக்கும் ஏடிஎம்கள் எல்லாம் பேச வேண்டும், பிரெயில் விசை கொண்டிருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. பார்வையற்றவர் காதொலிக் கருவியைச் செருகித் தன் கையாலேயே பணம் எடுத்தால், இருப்பு எவ்வளவு என்பது அவருக்கு மட்டும் தெரியும். அட்டையையும் ரகசிய எண்ணையும் அக்கம்பக்கத்தாரிடம் கொடுத்து அனுப்பும் வாழ்க்கையோடு ஒப்பிட்டால், அது எவ்வளவு பெரிய விடுதலை!

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் நிலை வேறு. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழு சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கலாம்; அந்தச் சான்றிதழை வைத்து அவர் கணக்கை இயக்கலாம் என்று வங்கிகளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. முகவரின் கருவியோ கணக்குக்கு உரியவரின் விரலைத்தான் கேட்கும். அம்மாவின் விரலை ஏற்காது. ஆகவே இவர்கள் கிளைக்குத்தான் போக வேண்டும். மகனைத் தனியே விட்டுவிட்டு வர முடியாத தாய்க்கு, அது ஒரு நாள் கூலியையும் சேர்த்து இழப்பது.

கணக்கே உறங்கிப்போவது இன்னொரு தொல்லை. இரண்டு ஆண்டு வாடிக்கையாளர் எதுவும் செய்யாத கணக்கு செயலற்றதாகிவிடும். உடல்நலமில்லாமல் நெடுநாள் பணம் எடுக்காதவருக்கு இது நேர்ந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி, அரசுத் திட்டப் பணத்துக்காகத் தொடங்கிய பூஜ்ய இருப்புக் கணக்குகளைத் தனியே பிரித்து வைத்து, அவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாதபடி செய்யச் சொல்கிறது. செயலற்ற கணக்கை உயிர்ப்பிக்கக் கட்டணம் கேட்கவும் கூடாது.

இப்போது அந்த இரண்டாவது கேள்விக்கு வருவோம். பட்டியலின் ஒரு வரி நிறைவேறாவிட்டால், அது மௌனமாக மறைவதில்லை. கணக்கு மூடப்பட்டது, அப்படியொரு கணக்கே இல்லை, ஆதார் எண் அட்டவணையில் இல்லை, கணக்கு முடக்கப்பட்டுள்ளது என்று ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு குறியீடு உண்டு. நிறைவேறாத வரி அந்தக் குறியீட்டைச் சுமந்துகொண்டு, வந்த வழியே திரும்புகிறது. அனுப்பிய வங்கிக்கும், அங்கிருந்து அலுவலகத்துக்கும். பணம் போனதைவிட இந்தச் செய்தி திரும்ப அதிக நேரம் பிடிப்பதில்லை. ஆனால் பயணம் அங்கே முடிந்துவிடுகிறது. “கணக்கில் வரவு வைக்கப்பட்டது” என்று வங்கி குறுஞ்செய்தி அனுப்பும். “வரவு வைக்க முடியவில்லை, காரணம் இது” என்று அனுப்ப வேண்டிய பொறுப்பை யாரும் ஏற்பதில்லை. அதனால்தான் ஒருவர் தாலுகா அலுவலகத்துக்கும் வங்கிக்கும் இ-சேவை மையத்துக்கும் மாறி மாறி அலைகிறார். மூன்று இடத்திலும் “எங்ககிட்ட எல்லாம் சரியா இருக்கு” என்ற பதிலே கிடைக்கிறது. அவரவர் திரையில் அது உண்மையும்கூட.

தாமதத்துக்கு விலையும் இருக்கிறது. 2019 செப்டம்பர் 20-ஆம் தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி, ஆதார் வழியாக வந்த அரசுப் பணத்தைப் பயனாளியின் கணக்கில் வைக்கவோ திருப்பி அனுப்பவோ வங்கிக்கு அடுத்த ஒரு நாள்தான் அவகாசம். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. முகவரின் கருவியில் கணக்கில் கழிந்து, பணம் கைக்கு வராவிட்டால் ஐந்து நாள் அவகாசம். பிறகு நாளுக்கு 100 ரூபாய். வாடிக்கையாளர் கேட்காமலே வங்கி இதைத் தர வேண்டும். தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. முகவர் “ஃபெயில் ஆயிடுச்சு, இன்னொரு தடவை வைங்க” என்று சொல்லும்போது, முதல் தடவை பணம் கழிந்ததா என்று குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டு வைக்க வேண்டும். பார்வையில்லாதவர் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வைக்கலாம். இதற்கு, கணக்கோடு இணைந்த செல்போன் எண் அவருடையதாகவே இருக்க வேண்டும். எப்போதோ உதவிக்கு வந்தவரின் எண்ணாக இருந்தால் செய்தி அவருக்குத்தான் போகும்.

திரும்பி வந்த கோப்பில் ஒருவருடைய செல்போன் எண்ணைச் சேர்ப்பதும், குறியீட்டுக்கு நேரே ஒரு தமிழ் வாக்கியத்தை வைப்பதும் பெரிய வேலை இல்லை. எரிவாயு உருளைக்கு முன்பதிவு செய்தால் தமிழில் பேசும் தானியங்கிக் குரல் நம் எல்லோருக்கும் பழக்கமானதே. “உங்கள் ஜூன் மாத உதவித்தொகை திரும்பி வந்துவிட்டது. உங்கள் ஆதார் எண்ணுக்கு எதிரே எந்த வங்கியும் இல்லை. வங்கிக்குப் போய் அரசுப் பணத்துக்கான சம்மதப் படிவம் கொடுங்கள்” என்று அதே குரல் சொல்லலாம், காது கேளாதவருக்கு அதையே குறுஞ்செய்தியாக அனுப்பலாம். எந்த மேசைக்குப் போவது, எந்தத் தாளைக் கொண்டுபோவது என்பது தெரிந்தால், நான்கு நடை ஒரு நடையாகக் குறையும். தவறிப்போன மாதத்துக்கான தொகை அடுத்த மாதத்தோடு சேர்ந்து வருமா, அதற்குத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டுமா என்பதையும் அந்தக் குரலே சொல்லிவிட வேண்டும்.